பெரிய சாமியின் அறையும் பழைய குளிர்சாதனமும்

2025-ஆம் ஆண்டு அக்கினி நட்சத்திரம் தொடங்கிய வாரத்தில், எங்கள் பங்கு இல்லத்தின் கீழ்த்தளத்து அறையிலிருந்த குளிர்சாதனப் பொறி வெறுங்காற்றை வீசிற்றேயன்றிக் குளிர்ச்சியைத் தரவில்லை. அவ்வறையில் வாழ்பவர், பணி ஓய்வுபெற்று எங்களோடு தங்கியிருக்கும் எண்பது வயது கடந்த குரு ஒருவர். பங்கு மக்கள் அவரைப் 'பெரிய சாமி' என்றே அழைப்பர். இழைப்பு நோய் உடைய அவருக்கு ஜி.எஸ்.டி. சாலையின் புழுதியும் ஆகாது, பெருங்களத்தூரின் மே மாத வெக்கையும் ஆகாது. சன்னல்களைச் சாத்திவிட்டுக் குளிர்சாதனத்தை ஓடவிடுவது மருத்துவர் சொல்லிய ஏற்பாடு. கோயிலுக்கு வந்து பீடத்தில் நிற்க முழங்கால்கள் இடங்கொடாமையால், நாள்தோறும் விடியற்காலை ஐந்து மணிக்கு அறையிலேயே ஒரு சிறு மேசையில் துணி விரித்து, இரண்டு மெழுகுதிரிகளை ஏற்றித் திருப்பலி நிறைவேற்றுவார். கோயில்பிள்ளை மட்டும் உடனிருப்பார். இம்மெழுகுதிரிகளை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

பொறி 2011-இல் ஒரு குடும்பத்தார் தம் தந்தையின் நினைவாக வழங்கியது. ஒன்றரை டன் ஸ்ப்ளிட் ஏசி. பதினான்கு ஆண்டுகள் குறையின்றி உழைத்தது. பழுதான அன்று மாலையே, அக்கம்பக்கத்தில் பலருக்கும் பழக்கமான மெக்கானிக் ஒருவரை வரவழைத்தேன். அவர் வெளிப்பெட்டியில் கேஜை மாட்டிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"கேஸ் சுத்தமா போயிடுச்சு சாமி. இது ஆர்-22 மெஷின். அந்தக் கேஸ் இப்ப விலை ஏறிப்போச்சு, புது மெஷின்லயும் அதைப் போடறதில்ல. நான் வேற கேஸ் ஏத்தித் தரேன். பாதி எடைதான் பிடிக்கும். கூலிங் நல்லா இருக்கும், கரண்டும் கம்மி. ஓசோனுக்கும் கெடுதல் கிடையாது."

அவர் கேட்ட தொகையும், ஆர்-22 நிரப்புவதற்கு மற்றொருவர் தொலைபேசியில் கூறிய தொகையில் பாதியே. செலவும் குறைவு, ஓசோனுக்கும் நன்மை என்றால் ஒரு பங்குக்குரு வேறென்ன சொல்வான்? ஒப்புக்கொண்டேன். இருட்டிவிட்டமையால் மறுநாள் காலை வருவதாகக் கூறி, வாயு உருளையைத் தாழ்வாரத்திலேயே வைத்துவிட்டுச் சென்றார்.

அன்றிரவு பாடகர் குழுவின் பயிற்சி இருந்தது. அதில் தபேலா வாசிக்கும் இளைஞர் ஒருவர், ஐ.டி.ஐ.யில் குளிர்சாதனத் தொழிலைக் கற்று, சென்னையில் ஓர் அலுவலகக் கட்டடத்தின் பராமரிப்புப் பணியில் இருப்பவர். ஓசோன் உடன்படிக்கையின் கீழ் மெக்கானிக்குகளுக்கென நடத்தப்படும் பயிற்சி வகுப்பிலும் கலந்துகொண்டவர். பயிற்சி முடிந்து செருப்பைத் தேடியவரின் பார்வை அவ்வுருளையின்மீது விழுந்தது.

"ஃபாதர், இந்தச் சிலிண்டர் யாருது?"

சொன்னேன். அவர் குனிந்து, அதன்மேல் ஒட்டியிருந்த தாளைப் படித்தார்.

"இது எரியற கேஸ் ஃபாதர். புரொப்பேன். நம்ம அடுப்பு கேஸுக்கு அண்ணன் தம்பி மாதிரி. இதையா பெரிய சாமி ரூம்ல போடப் போறாங்க? அங்கே காலையில கேண்டில் ஏத்துவாரே!"

உண்மையைச் சொல்வதானால், எனக்கு முதலில் எழுந்தது எரிச்சலே. மலிவாய் முடிந்த காரியத்தில் இவர் ஏன் குறுக்கே வருகிறார் என்று தோன்றிற்று. "தம்பி, சமையலறையில் 14.2 கிலோ உருளையை வைத்துக்கொண்டுதானே எல்லாரும் உறங்குகிறோம்? இதில் அரைக் கிலோகூட ஏறாது என்கிறாரே" என்று கேட்டேன். அவர் கோபம் கொள்ளாமல் தாழ்வாரத்துப் படியில் அமர்ந்து விளக்கினார். அவர் கூறியவற்றைப் பின்னர் நானும் படித்து உறுதிசெய்துகொண்டேன்.

அடுப்பு வாயுவில், கசிந்தால் உடனே தெரியும்பொருட்டு நாற்றமுடைய ஒரு பொருளைக் கலக்கிறார்கள். குளிர்சாதனத்துக்கென விற்கும் தூய புரொப்பேனில் அது இல்லை. அறை நிறையக் கசிந்தாலும் மூக்கு அறியாது. சமையலறைக்குச் சன்னலும் புகைபோக்கியும் உண்டு. குளிரூட்டிய அறையையோ நாமே இறுக மூடி வைக்கிறோம். மேலும், இவ்வாயு காற்றைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனமானது. ஆதலின் மேலே எழுந்து கலைந்துவிடாமல் தரையில் தேங்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு அளவு கலந்தாலே ஒரு தீப்பொறியில் பற்றிக்கொள்ளும். கணக்கிட்டுப் பார்த்தால், நானூற்றைம்பது கிராம் புரொப்பேன் சுமார் பன்னிரண்டு கன மீட்டர் காற்றை எரியும் கலவையாக்கப் போதும். பெரிய சாமியின் அறை பன்னிரண்டடி சதுரம், பத்தடி உயரம். அதாவது நாற்பது கன மீட்டர் அளவு. கால் பங்கு அறை! அதுவும் தரையோடு ஒட்டிய, கட்டில் மட்டத்துக் கால் பங்கு.

"பொறி பழையது, ஏற்கெனவே எங்கேயோ ஓட்டை இருக்கறதாலதானே கேஸ் போச்சு? அந்த ஓட்டையை அடைக்காம புதுக் கேஸை ஏத்தினா, அது எங்கே போகும் ஃபாதர்?" என்று அவர் கேட்டபோது எனக்குப் பதில் இல்லை.

வண்டலூரைத் தாண்டி ஊரப்பாக்கத்தில், 2022 நவம்பரில் ஒரு வீட்டில் குளிர்பதனப் பெட்டி வெடித்து, உறவினர் மூவர் மூச்சுத்திணறி இறந்த துயரச் செய்தி என் நினைவுக்கு வந்தது. அக்காலை எங்கள் பங்கில் பலர் இரவில் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் படுத்தனர். அந்தப் பயம் சில வாரங்களில் தணிந்துவிட்டது. என்னிடமும் தணிந்திருந்தது என்பதற்குத் தாழ்வாரத்தில் நின்ற உருளையே சாட்சி.

மெழுகுதிரிக்கும் குளிர்சாதன வாயுவுக்கும் உள்ள பழைய தொடர்பு ஒன்றை இங்கே கூறாமல் இருக்க இயலவில்லை. தொடக்கக் காலத்துக் குளிர்பதனப் பெட்டிகளில் அம்மோனியா, கந்தக டைஆக்சைடு, மெத்தில் குளோரைடு போன்றவற்றை நிரப்பினர். கசிந்தால் நஞ்சு, வீட்டோடு மாண்டவர்கள் உண்டு. இந்நிலையை மாற்ற 1928-இல் அமெரிக்கர் தாமஸ் மிட்ஜ்லி என்பவரும் அவர்தம் துணைவர்களும் குளோரினும் புளூரினும் சேர்ந்த ஒரு புதிய வாயுவைக் கண்டனர். 1930-இல் வேதியியலாளர் கூட்டமொன்றில் மிட்ஜ்லி அவ்வாயுவைத் தம் நெஞ்சு நிறைய இழுத்து, எரியும் மெழுகுதிரியின்மீது மெல்ல ஊதி அதை அணைத்துக் காட்டினாராம். நஞ்சும் இல்லை, தீயும் பற்றாது என ஒரே மூச்சில் மெய்ப்பித்துவிட்டார்! உலகம் கைதட்டி வரவேற்றது. ஃபிரியான் எனப் பெயர் பெற்ற அக்குடும்பத்து வாயுக்களே பின்னர் நம் பெட்டிகளிலும் ஏசிகளிலும் நிறைந்தன. நம் மேட்டூரிலேயே கெம்பிளாஸ்ட் சன்மார் ஆலையில் 'மெட்ரான்' என்னும் பெயரில் இவ்வகை வாயுக்கள் தயாராயின.

அம்மெழுகுதிரியை அணைத்த வாயு, வானத்தில் வேறொரு வேலையைச் செய்துகொண்டிருந்ததை அப்போது எவரும் அறிந்திலர். 1974-இல் மொலினா, ரோலண்ட் என்னும் அறிஞர் இருவர், இவ்வாயுக்கள் அழியாமல் மேலேறி, சூரிய ஒளியில் சிதைந்து, அவற்றின் குளோரின் ஓசோன் படலத்தை அரிக்கும் என எழுதினர். 1985-இல் பிரித்தானிய ஆய்வாளர்கள் தென்துருவத்தின்மேல் ஓசோன் பெரிதும் மெலிந்திருப்பதைக் கண்டு உலகுக்கு அறிவித்தனர். 1987 செப்டம்பர் 16-இல் மான்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. இந்தியா 1992-இல் சேர்ந்தது. திருப்பீடமும் 2008-இல் சேர்ந்தது. ஆர்-12 முதலிய மிகக் கொடியவை 2010-க்குள் நம் நாட்டில் விலக்கப்பட்டன. 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' சுற்றுமடலில், நாடுகள் ஒன்றுபட்டுப் பயன் கண்டதற்கு எடுத்துக்காட்டாக இவ்வுடன்படிக்கை சுட்டப்படுகிறது. அதே மடலின் மற்றோரிடத்தில், கட்டுக்கடங்காமல் பெருகும் குளிர்சாதனப் பயன்பாட்டைத் திருத்தந்தை கடிந்துகொள்வதும் உண்டு. மறையுரைக்கு நான் எப்போதும் முதற்பகுதியையே எடுத்துக்கொள்வது வழக்கம். இரண்டாவதைப் படிக்கும்போது என் அறையிலும் ஏசி ஓடிக்கொண்டிருக்கும்.

ஆர்-22 என்பது ஆர்-12-இன் தம்பி எனலாம். ஓசோனுக்கு அது செய்யும் கேடு தமையனின் கேட்டில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கே. ஆயினும் கேடு கேடுதான். அன்றியும், வெப்பத்தைப் பிடித்துவைப்பதில் கரியமில வாயுவைப் போல் சுமார் 1,800 மடங்கு வலியது. ஆகவே இதனையும் படிப்படியாய் நிறுத்துகின்றனர். 2020-இல் நூற்றுக்கு 35 பங்கும் 2025-இல் 67.5 பங்கும் குறைத்தாயிற்று. 2030-க்குப் பின், பழைய பொறிகளைப் பழுதுபார்க்க மட்டும் 2040 வரை மிகச் சிறிய அளவு அனுமதிக்கப்படும். புதிய ஏசிகளில் இதை நிரப்பித் தயாரிப்பது 2024 இறுதியோடு நம் நாட்டில் நின்றுவிட்டது. விலை ஏறியதன் காரணம் இதுவே. மெக்கானிக் சொன்னதில் பொய்யில்லை.

அப்படியானால் பழைய பொறியில் வேறு எதை நிரப்பலாம்? இதை நான் அத்தம்பியிடம் வெகு நேரம் துருவிக் கேட்டேன். இன்று கடைகளில் பெரும்பாலும் விற்கும் புதிய ஏசிகளில் இருப்பது ஆர்-32. அதைப் பழையதில் ஏற்றினால் உள்ளழுத்தம் ஒன்றரை மடங்குக்கும் மேலாகும். பழைய கம்ப்ரஸரும் குழாய்களும் அதற்கென ஆக்கப்பட்டவை அல்ல. போதாக்குறைக்கு அதுவும் மெல்ல எரியக்கூடியது. ஆர்-410ஏ எரியாது, ஆனால் அழுத்தம் அப்படியே. ஆர்-407சி என்பது ஆர்-22-இன் அழுத்தத்தோடு ஒத்துப்போவது. எனினும் அது மூன்று வாயுக்களின் கலவை. கம்ப்ரஸரில் உள்ள பழைய எண்ணெய் அதனோடு சேராது. அதை வடித்து வேறு வகை எண்ணெய் ஊற்ற வேண்டும், வடிகட்டியை மாற்ற வேண்டும். சிறிது கசிந்தால் மூன்றும் ஒரே அளவில் வெளியேறுவதில்லை. ஆதலின் குறைந்ததை மட்டும் நிரப்பி ஒப்பேற்ற இயலாது, எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் புதிதாய் நிறைக்க வேண்டும். மருத்துவமனைகளிலும் பெரிய கட்டடங்களிலும் உள்ள விலையுயர்ந்த பொறிகளுக்கு இவ்வளவு பாடுபடுவதில் பொருளுண்டு. ஒரு ஒன்றரை டன் ஏசிக்கு, வேலைக்கூலி பொறியின் விலையைத் தொட்டுவிடும். ஓசோன் தப்பினாலும், வெப்பம் பிடிப்பதில் அது ஆர்-22-க்கு இளைத்ததன்று.

எஞ்சியது புரொப்பேன், தொழிலார் ஆர்-290 என்பர். ஓசோனை அது தொடுவதேயில்லை. வெப்பம் பிடிப்பதும் மிகச் சொற்பம். வானத்துக்கு இதைவிட நல்ல வாயு கிடைப்பது அரிது. நம் நாட்டில் கோத்ரெஜ் நிறுவனம் 2012 முதல் இவ்வாயுவில் இயங்கும் ஏசிகளை விற்றது. ஆனால் அவை தொடக்கத்திலிருந்தே அதற்கென வடிவமைத்தவை: வாயுவின் அளவு அறையின் பரப்புக்கு ஏற்ப வரையறுக்கப்பட்டிருக்கும், பொறி பறக்கக்கூடிய மின்பாகங்கள் வாயு எட்டாதவாறு அடைக்கப்பட்டிருக்கும். ஆர்-22-க்கெனச் செய்த பெட்டியில் இவற்றுள் ஒன்றும் இல்லை. இக்காரணத்தாலேயே அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2013-இல், பழைய வீட்டு ஏசிகளில் புரொப்பேன் வகை வாயுக்களை நிரப்ப வேண்டாமெனப் பொதுமக்களை எச்சரித்தது.

பூவிருந்தவல்லிக் குருமடத்தில் ஒழுக்கவியல் வகுப்பில், நன்மையும் தீமையும் ஒருங்கே விளையும் செயலை எவ்வாறு எடைபோடுவது என்று மணிக்கணக்கில் வாதிட்டிருக்கிறோம். எடுத்துக்காட்டுகளெல்லாம் போர்க்களத்திலும் கப்பலிலும் நடப்பவை. ஒரு நாள் என் தாழ்வாரத்தில் ஓர் உருளை உருவில் அந்தக் கேள்வி வந்து நிற்கும் என எண்ணியதில்லை. வானத்துக்கு நல்லது அறைக்கு ஆகாது. அறைக்கு நல்லது வானத்துக்கு ஆகாது. "எதைத் தம்பி தேர்ந்துகொள்வது?" என்றேன்.

"கசியாத கேஸ் யாருக்கும் கெடுதல் செய்யாது ஃபாதர். ஓட்டையை அடைச்சிட்டு, அதே ஆர்-22-ஐ அளந்து போடுவோம். மெஷின் ஆயுசு முடியறப்ப, உள்ளே இருக்கறதைக் காத்துல விடாம சிலிண்டர்ல பிடிச்சுக் குடுத்துடலாம். அப்புறம் வாங்கறது நல்லதா வாங்குங்க."

இதற்குள் பேச்சுக் குரல் கேட்டுப் பெரிய சாமி கைத்தடியூன்றி வெளியே வந்துவிட்டார். முழுவதையும் சொன்னோம். பொறுமையாகக் கேட்டவர், "ஏசி இல்லாமே பூசை வைக்கலாம். மெழுகுதிரி இல்லாமே வைக்க முடியாது. நாப்பது வருஷம் ஓட்டு வீட்டுல கிடந்தவன்தானே நான்! காத்தாடி போதும், அவசரப்பட்டு எதையும் பண்ணாதீங்க" என்று கூறிவிட்டுப் படுக்கப் போனார். அவருடைய சன்னலைத் திறந்து வைத்தேன். இரவெல்லாம் மின்ரயிலின் ஓசையும் அவருடைய இருமலும் மாறி மாறிக் கேட்டன.

ஞாயிறு மாலை தம்பி தம் கருவிகளோடு வந்தார். முதலில் குழாய்களுக்குள் நைட்ரஜனை அழுத்தத்தில் ஏற்றி, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரை தடவினார். வெளிப்பெட்டியருகே ஒரு நட்டின் அடியில், கடுகளவு குமிழி ஒன்று எழுந்து எழுந்து அடங்கிற்று. செம்புக் குழாயின் விரிந்த முனை அங்கே நைந்திருந்தது. அதை வெட்டிப் புதிதாய் விரித்து முடுக்கினார். பிறகு வாக்குவம் பம்பை மாட்டிக் காற்றையும் ஈரத்தையும் முக்கால் மணி நேரம் இழுத்தார். முள் அசையாமல் நிற்கிறதா என்று மேலும் அரை மணி காத்திருந்தார். கடைசியில் தராசில் உருளையை நிறுத்தி, பெட்டியில் எழுதியிருந்த எடைக்கு ஒரு கிராம் கூடாமல் குறையாமல் ஆர்-22-ஐ ஏற்றினார். பதினான்கு ஆண்டுகளில் எத்தனையோ முறை 'கேஸ் பார்க்க' ஆட்கள் வந்திருக்கிறார்கள். தராசு கொண்டு வந்தவரை அன்றுதான் கண்டேன். செலவு முதலில் பேசியதைப்போல் இரு மடங்காயிற்று. அவர் கூலி வாங்க மறுத்தார், நான் விடவில்லை.

கதை இத்துடன் முடிந்திருந்தால் இதனை எழுத வேண்டிய தேவை இராது. திங்கட்கிழமை முதல் மெக்கானிக் உருளையை எடுத்துப்போக வந்தார். அவரை உட்காரவைத்துக் காப்பி கொடுத்து நிகழ்ந்ததைச் சொன்னேன். அவர் முகம் சுண்டிவிட்டது. ஏமாற்றும் எண்ணம் அவருக்கு இருந்ததில்லை. இருபது ஆண்டுகளுக்கு முன் ஓர் அண்ணனிடம் எடுபிடியாய்ச் சேர்ந்து கண்ணால் பார்த்துக் கற்ற தொழில். வாயு விற்ற கடைக்காரர் 'ஓசோனுக்கு நல்லது' என்று சொன்னதை அவர் நம்பினார். அவர் சொன்னதை நான் நம்பினேன்.

"இதுபோல் எத்தனை வீடுகளில் நிரப்பியிருக்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

வெகு நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ரெண்டு சீசனா போடறேன் சாமி. முப்பது வீடு இருக்கும்" என்றார்.

முப்பது வீடுகள்! அறை மூடி, குழந்தைகளைத் தரையில் பாய் விரித்துப் படுக்கவைக்கும் வீடுகள். சாமி படத்தின்முன் விளக்கேற்றும் வீடுகளும் அவற்றுள் இருக்கும். திருப்பலி முடிவில் அவர் பெயரைச் சொல்லி அறிவித்தால் மக்கள் விழித்துக்கொள்வார்கள். அத்துடன் அவர் பிழைப்பும் முடியும். பிறகு எந்த வீட்டில் நிரப்பினோம் என்று எவரும் வாய் திறக்க மாட்டார்கள். அன்று மாலை தம்பியை வரவழைத்து இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்தேன். சிறியவர் பெரியவருக்குக் கற்பிப்பது எளிதன்று. முதற்கால் மணி நேரம் இருவரும் என் முகத்தையே பார்த்துப் பேசினர். வாயுவின் எடைக் கணக்கு வந்தபோதுதான் பெரியவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, "மறுபடி சொல்லு தம்பி" என்றார்.

அவர் கணக்குப் புத்தகம் வைத்துக்கொள்ளும் வழக்கம் இல்லை. கைப்பேசியில் பழைய எண்களைப் புரட்டிப் பதினொரு வீடுகளை நினைவுகூர்ந்தார். அவ்வாரமே இருவரும் சேர்ந்து அவ்வீடுகளுக்குப் போயினர். சன்னல் கதவுகளைத் திறந்து வைத்து, அறையில் தீயோ மின்விசையோ இல்லாமல் பார்த்துக்கொண்டு, எரியும் வாயுவைத் திறந்தவெளிக்குக் குழாய் வழியே மெல்ல வெளியேற்றினர். மூன்று வீட்டார் ஆர்-22-க்கு மாறினர். ஐந்து வீட்டார் பொறியையே மாற்றிவிட்டனர். மற்ற மூவர் இப்போதைக்கு ஏசியை நிறுத்திவைத்து மின்விசிறியோடு இருக்கிறார்கள். அவர்களுக்குப் புதியது வாங்கப் பணமில்லை. வின்சென்ட் தே பவுல் சபையார் ஒரு வீட்டுக்கு உதவியுள்ளனர்.

மற்றவற்றுக்காக ஞாயிறுதோறும் அறிவிப்பில், பெயர் எதுவும் கூறாமல், ஒன்றை மட்டும் சொல்லி வருகிறேன். இரண்டு கோடைகளுக்குள் தங்கள் பழைய ஏசிக்கு எவரேனும் வேறு வாயு நிரப்பியிருந்தால், வெளிப்பெட்டியில் ஒட்டியுள்ள தகட்டில் ஆர்-22 என்றிருக்க, நிரப்பியது என்னவென்று கேட்டறிய வேண்டும். தெரியாவிட்டால் பொறியை ஓட்டாமல் பங்கு அலுவலகத்தில் சொல்ல வேண்டும். இந்து சகோதரர் ஒருவர் இதைக் கேள்விப்பட்டுத் தம் தெருவின் நலச்சங்கப் பலகையிலும் எழுதி வைத்தார். அதைக் கண்டே நான்கு வீட்டார் வந்தனர்.

இதை எழுதும் இன்றுவரை பதினெட்டு வீடுகள் தெரிந்துள்ளன. எங்கள் தாழ்வாரத்தில் இருந்த உருளையை அந்த மெக்கானிக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். சென்ற வாரம் ஒரு தராசு வாங்கியிருக்கிறார். அதை ஆசீர்வதித்துத் தரவேண்டுமெனக் கொண்டு வந்தார். பெரிய சாமியே ஆசீர்வதித்தார்.